எந்த ஊரில் குடியேறலாம்?

ஊர் மாறும் முன்

பிழைப்புக்காக ஊர் மாறுகிறவர்கள் பலர். கல்யாணம் ஆகி ஊர் மாறுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக மாறுகிறவர்களும் உண்டு.

போகிற ஊரில் கூலி எவ்வளவு? வீட்டு வாடகை எவ்வளவு? குடிதண்ணீர் வருமா? இதை எல்லாம் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பலர் கேட்பதில்லை.

அந்த ஊரில் பாட்டு, கூத்து, ஓவியம், புத்தகம் எல்லாம் நம் கைக்கு எட்டுமா?

மாலையில் காற்று வாங்கவும் குழந்தைகள் ஓடியாடவும் ஒரு வெளி இருக்கிறதா?

இவை பணக்காரர்களின் கேள்விகள் என்று நினைக்க வேண்டாம். பெரிய வீடும் தோட்டமும் உள்ளவருக்கு ஊரில் பூங்கா இல்லாவிட்டாலும் குறை இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்துக்குத்தான் பூங்கா தேவை. காசு கொடுத்து அரங்கில் பாட்டுக் கேட்க முடியாதவருக்குத்தான் கோயில் திருவிழாக் கச்சேரி தேவை.

கலையையும் நல்ல வெளியையும் தேடி ஊர் மாறியவர்களின் கதைகள் இந்தப் பாடத்தில் வருகின்றன. அவற்றில் இரண்டு கதைகள் கிடர்பூரைச் சுற்றி நடந்தவை.

கிடர்பூர் எங்கே இருக்கிறது?

மேற்கு வங்காளத்தின் தலைநகரம் கொல்கத்தா. 2001 வரை அதன் பெயர் கல்கத்தா. ஹூக்ளி ஆற்றின் கரையில் அந்த நகரம் இருக்கிறது. நகரத்தின் தென்மேற்குப் பகுதியில் உள்ளது கிடர்பூர்.

கிடர்பூர் துறைமுகம் 1892இல் திறக்கப்பட்டது. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா ஆகிய இடங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். வங்காளி, இந்தி, உருது என்று பல மொழிகள் அங்கே கேட்கும். பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அடுத்தடுத்து இருக்கும். குறுகிய சந்துகளும் நெருக்கமான வீடுகளும் நிறைந்த பகுதி அது.

துறைமுகம் வருவதற்கு முன்பே கிடர்பூரில் வீடுகளும் தெருக்களும் இருந்தன. அங்கே ஒரு வக்கீலின் வீடு இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் நம் முதல் கதையின் நாயகன்.

சென்னைக்கு வந்த கவிஞர்

அவர் பெயர் மதுசூதன் தத். 1824இல் சாகர்தாரி என்ற கிராமத்தில் பிறந்தார். அந்தக் கிராமம் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. ஊர் ஓரத்தில் கபோதாட்சம் என்ற ஆறு ஓடும். தந்தை ராஜ்நாராயண் தத் கல்கத்தாவில் வக்கீலாக இருந்தார். கிடர்பூரில் அவருக்கு வீடு இருந்தது. மகன் அங்கே வளர்ந்து, கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் படித்தார்.

மதுசூதனுக்கு ஒரே ஓர் ஆசை. பெரிய கவிஞர் ஆக வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற வேண்டும். இங்கிலாந்து போனால்தான் கவிஞர் ஆக முடியும் என்று நம்பினார். சொந்த ஊரும் சொந்த மொழியும் அவருக்குச் சிறியதாகத் தெரிந்தன.

1843இல் அவர் கிறிஸ்தவர் ஆனார். மைக்கேல் என்ற பெயர் பிறகு அவர் பெயருடன் சேர்ந்தது. தந்தைக்கும் மகனுக்கும் பிளவு வந்தது. சில ஆண்டுகளில் தந்தை பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். கையில் காசு இல்லை. கல்கத்தாவில் வேலையும் கிடைக்கவில்லை.

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுசூதன் கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. அன்று சென்னையை மதராஸ் என்று அழைத்தார்கள். கிடர்பூரிலிருந்து அது கடல் வழியாகப் பல நாள் பயணம்.

ஆண் பிள்ளைகளுக்கான ஓர் அனாதை இல்லப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. அந்த ஆண்டே ரெபேக்கா என்ற பெண்ணை மணந்தார். பத்திரிகைகளில் எழுதினார். 1849இல் ஆங்கிலத்தில் ஒரு கவிதை நூல் வெளியிட்டார். பிருத்விராஜன், சம்யுக்தை கதையை அதில் சொல்லியிருந்தார்.

எதிர்பார்த்த புகழ் வரவில்லை. நூலின் ஒரு படி பெத்தூன் என்ற ஆங்கிலேயருக்குப் போனது. அவர் கல்கத்தாவில் கல்வித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர். படித்துப் பார்த்த பெத்தூன், இந்த இளைஞர் தம் தாய்மொழியில் எழுதினால் நல்லது என்று யோசனை சொன்னார். சொன்னவர் ஓர் ஆங்கிலேயர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சென்னை அவருக்கு என்ன கொடுத்தது?

புகழ் கிடைக்கவில்லை. ஆனாலும் சென்னை வாழ்க்கை வீணாகவில்லை. மதுசூதன் அங்கே கடுமையாகப் படித்தார். அவருடைய ஒரு நாளைப் பாருங்கள்.

காலை 6 முதல் 8 வரை ஹீப்ரு மொழி. 8 முதல் 12 வரை பள்ளிக்கூட வேலை. 12 முதல் 2 வரை கிரேக்கம். 2 முதல் 5 வரை தெலுங்கும் சமஸ்கிருதமும். 5 முதல் 7 வரை லத்தீன். இரவு 7 முதல் 10 வரை ஆங்கிலம்.

தமிழும் படித்தார். 1849இல் கல்கத்தா நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதை எல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கவலையையும் அந்த நண்பரிடம் சொன்னார். தம் வங்காள மொழி வேகமாக மறந்துகொண்டு வருகிறது என்றார். வங்காள மொழியில் உள்ள இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்டார்.

சொந்த ஊரில் இருந்தபோது அவர் மதிக்காத மொழி அது. வெளியூர் வந்த பிறகு அதன் அருமை தெரிந்தது. சென்னையில் கற்க நிறைய இருந்தது. ஆனால் தாய்மொழியில் பேசிச் சிரிக்க ஆள் இல்லை. எழுதியதைக் கேட்டு நல்லது கெட்டது சொல்லும் நண்பர் வட்டம் இல்லை. ஊர் பெரியதாக இருந்தாலும் துணை இல்லாமல் கலை வளர்வது கடினம்.

தாய் இறந்தார். பிறகு தந்தையும் இறந்தார். சொத்துக்காக உறவினர்கள் சண்டை போடுவதாக நண்பர் எழுதினார். மதுசூதன் 1856 பிப்ரவரியில் கல்கத்தாவுக்குத் திரும்பினார். சென்னையில் அவர் இருந்தது 8 ஆண்டுகள்.

திரும்பி வந்தவர் காவல் நீதிமன்றத்தில் எழுத்தர் ஆனார். வேலை சிறியது. ஆனால் நண்பர்கள் இருந்தார்கள். நாடகம் போடும் அரங்கு இருந்தது. கேட்கும் காதுகள் இருந்தன. 1859இல் அவருடைய முதல் வங்காள நாடகம் வெளிவந்தது. 1861இல் மேகநாதனைப் பற்றிய காவியம் வெளிவந்தது. இராவணன் மகன் மேகநாதனை நாம் இந்திரஜித் என்று சொல்கிறோம். வங்காள இலக்கியத்தின் பெரிய நூல்களில் ஒன்று அது.

சென்னையில் கற்ற பல மொழிகளும் பல நாட்டுக் காவியங்களும் அவருக்கு உதவின. ஆனால் அவர் எழுதி நிலைத்தது தாய்மொழியில்தான்.

1862இல் அவர் ஆசைப்பட்டபடியே இங்கிலாந்துக்கும் போனார். சட்டம் படிக்கச் சேர்ந்தார். ஊரிலிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. செலவைக் குறைக்கப் பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் நகருக்குக் குடும்பத்துடன் மாறினார். அழகான தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற நகரம் அது. ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம். ஈசுவர சந்திர வித்யாசாகர் கல்கத்தாவிலிருந்து பணம் அனுப்பிக் காப்பாற்றினார்.

அந்த அழகான ஊரில் இருந்துகொண்டு மதுசூதன் எதைப் பற்றி எழுதினார் தெரியுமா? தம் கிராமத்துக் கபோதாட்ச ஆற்றைப் பற்றி வங்காள மொழியில் கவிதை எழுதினார்.

1873இல் மதுசூதன் இறந்தார். கிடர்பூர் அவரை மறக்கவில்லை. அவரும் வேறு சில கவிஞர்களும் வாழ்ந்த இடம் என்பதால் அங்கே ஒரு தெருவுக்குக் கவிதீர்த்தம் என்ற பெயர் வைத்திருக்கிறார்கள்.

லக்னோவிலிருந்து வந்த அரசர்

மதுசூதன் ஊர் திரும்பிய அதே 1856 பிப்ரவரியில் வேறொருவர் தம் ஊரை இழந்தார். அவர் பெயர் வாஜித் அலி ஷா. அவத் நாட்டின் அரசர். அவருடைய தலைநகரம் லக்னோ.

வாஜித் அலி ஷா பாட்டிலும் ஆட்டத்திலும் மிகுந்த ஆர்வம் உள்ளவர். தாமே கவிதை எழுதுவார். நாடகம் அமைப்பார். முஸ்லிம் அரசரான அவர் கண்ணன், ராதை கதையை நாடகமாக்கி ஆடவைத்தார். கதக் ஆட்டத்தையும் தும்ரி என்ற பாட்டு வகையையும் வளர்த்தார்.

ஆங்கிலேயக் கம்பெனி அவர் நாட்டைப் பறித்துக்கொண்டது. மார்ச் மாதம் அவர் லக்னோவை விட்டுக் கிளம்பினார். லண்டனுக்குப் போய் மகாராணியிடம் முறையிட நினைத்தார். மே மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தார். உடல்நலம் இல்லாததால் அவர் லண்டன் போகவில்லை. தாயார் போனார். நீதி கிடைக்கவில்லை. தாயாரும் ஊர் திரும்பாமல் 1858இல் பாரிசில் இறந்தார்.

1857இல் வட இந்தியாவில் பெரும் எழுச்சி நடந்தது. ஆங்கிலேயர்கள் வாஜித் அலி ஷாவைக் கல்கத்தாக் கோட்டையில் இரண்டு ஆண்டுகள் காவலில் வைத்தார்கள். விடுதலை ஆன பின்பும் அவர் லக்னோவுக்குத் திரும்ப முடியவில்லை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் உதவித்தொகை கொடுத்தார்கள்.

அவர் ஊரை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. விரட்டப்பட்டு வந்தவர். வந்த இடத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும் அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

கிடர்பூரைத் தாண்டி மேற்கே போனால் ஆற்றங்கரையில் மெட்டியாபுரூஸ் என்ற இடம் வரும். மண் கோபுரம் என்று அதற்குப் பொருள். அங்கே வாஜித் அலி ஷா குடியேறினார். லக்னோவைப் போலவே ஒரு சிறு நகரத்தை உண்டாக்கினார். மாளிகைகள் எழுந்தன. தோட்டங்கள் வந்தன. பாடகர்களும் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். சமையற்காரர்கள், தையற்காரர்கள், பட்டம் விடுகிறவர்கள், புறா வளர்க்கிறவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

ஒரு பெரிய விலங்குத் தோட்டமும் அமைத்தார். அதில் பல வகை விலங்குகளும் பறவைகளும் இருந்தன. ஆயிரக்கணக்கான புறாக்கள் பறந்தன. பாம்புகளுக்கென்று ஒரு செயற்கைக் குன்று கட்டினார். அதைச் சுற்றி அகழி இருந்தது. உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் சிறு வயதில் அங்கே வளர்ந்தவர். இவற்றைப் பற்றி அவர் பிற்காலத்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

உதவித்தொகை பெரியதுதான். செலவு அதையும் விடப் பெரியது. கடன் ஏறிக்கொண்டே போனது.

எது அழிந்தது? எது நிலைத்தது?

1887 செப்டம்பரில் வாஜித் அலி ஷா இறந்தார். அத்துடன் உதவித்தொகை நின்றது. சொத்துகள் விற்கப்பட்டன. விலங்குகளும் பறவைகளும் போன இடம் தெரியவில்லை. தோட்டங்கள் மறைந்தன. மாளிகைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவர் அடக்கம் செய்யப்பட்ட இமாம்பாரா இருக்கிறது.

ஒருவர் பணத்தில், ஒருவர் வீட்டுக்குள் வளர்ந்த தோட்டம் அது. அவர் போனதும் அதுவும் போயிற்று.

ஆனால் மக்களின் கையிலும் தொண்டையிலும் ஏறிய கலைகள் போகவில்லை. தும்ரியும் கதக்கும் வங்காளத்தில் பரவின. கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இருக்கும். அரசரின் சமையலறையிலிருந்து வந்த பழக்கம் அது என்று சொல்வார்கள். மெட்டியாபுரூஸ் இன்று ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். அரசருடன் வந்த தையற்காரர்களிடமிருந்து தொடங்கிய தொழில் என்று அந்தப் பகுதி மக்கள் பெருமையாகச் சொல்வார்கள். பட்டம் செய்யும் தொழிலும் அங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிடர்பூரை ஒட்டியிருப்பது அலிப்பூர். அங்கே 1876இல் பொதுமக்களுக்கு ஒரு விலங்குக் காட்சிசாலை திறக்கப்பட்டது. சீட்டு வாங்கி யாரும் உள்ளே போகலாம். அது இன்றும் இருக்கிறது. கிடர்பூரிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.

அரசரின் விலங்குத் தோட்டமும் அலிப்பூர்க் காட்சிசாலையும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில், ஒரே காலத்தில் இருந்தவை. தனி ஒருவருடைய தோட்டம் அழிந்தது. பொதுவில் இருந்தது நிலைத்தது.

கைக்கு எட்டும் கலை, காலுக்கு எட்டும் வெளி

கிடர்பூரின் சந்துகளில் இடம் குறைவு. ஆனால் அங்கே குடியிருப்பவருக்குச் சுற்றுவட்டாரத்தில் பல பொது இடங்கள் கிடைக்கின்றன.

முதலில் மைதானம். நகரத்தின் நடுவில் சுமார் 1,000 ஏக்கர் பரப்பில் அது கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் ஆற்றங்கரையில் புதிய கோட்டை கட்டினார்கள். பீரங்கி சுடும்போது எதிரி மறைந்து நிற்கக் கூடாது என்று கோட்டையைச் சுற்றிக் காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். போருக்காக விட்ட வெட்டவெளி அது. இன்று அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஆடுகள் மேய்கின்றன. வேலை முடிந்தவர்கள் புல்லில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்தது தேசிய நூலகம். அது அலிப்பூரில் இருக்கிறது. 1953இல் அங்கே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பல இந்திய மொழி நூல்கள் அங்கே இருக்கின்றன. தமிழ் நூல்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

மூன்றாவது திருவிழா. துர்கா பூஜை நாட்களில் கொல்கத்தாவின் தெருக்கள் கலைக்கூடம் ஆகிவிடும். மூங்கில், துணி, மண், சணல் கொண்டு பந்தல்கள் அமைப்பார்கள். கிடர்பூரிலும் பந்தல்கள் எழும். ஓவியரும் சிற்பியும் தச்சரும் சேர்ந்து செய்யும் வேலை அது. தெருவில் நடந்துபோய் எல்லோரும் பார்க்கலாம். 2021இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இந்த விழாவை உலக மக்களின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

நான்காவது புத்தகக் கண்காட்சி. 1976இல் தொடங்கியது. பல ஆண்டுகள் மைதானத்தில் நடந்தது. இப்போது நகரின் கிழக்கே சால்ட் லேக் பகுதியில் நடக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

கொல்கத்தாவில் குடியேறிய தமிழர்களும் மற்றத் தென்னாட்டவரும் பலர் லேக் மார்க்கெட் பகுதியில் வீடு பார்த்தார்கள். அருகே ரவீந்திர சரோவர் என்ற பெரிய ஏரி இருக்கிறது. காலையில் ஏரிக்கரையில் நடக்கலாம். கடைத்தெருவில் வாழை இலையும் காப்பித்தூளும் வாங்கலாம். தமிழ்ச் சங்கமும் சபாவும் நகரில் உண்டு. மதுசூதனுக்குச் சென்னையில் கிடைக்காத துணை இவர்களுக்கு இங்கே கிடைத்தது.

குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். குளிர்காலத்தில் காற்று மாசு அதிகம். வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பது எளிதல்ல. எந்த ஊரும் முழு நிறைவான ஊர் இல்லை. நல்லதையும் கெட்டதையும் அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

கடற்கரையில் ஒரு கலைஞர் கிராமம்

ஒருவராகப் போவதை விடப் பலர் சேர்ந்து போவது நல்லதா? தமிழ்நாட்டில் சிலர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவர் கோயம்புத்தூரில் பிறந்தவர். நல்ல ஓவியர். அவருக்கு ஒரு கவலை இருந்தது. மாணவர்கள் பல ஆண்டுகள் ஓவியம் கற்கிறார்கள். படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போகிறார்கள். தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு வழி என்ன? பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து யோசித்தார்கள். கைவினைப் பொருள் செய்து விற்கச் சங்கம் அமைத்தார்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகள் செய்தார்கள். அவை நன்றாக விற்றன.

அந்தப் பணத்தைக் கொண்டு 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். ஏறத்தாழ 30 கலைஞர்கள் சேர்ந்தார்கள். அன்று அங்கே மணலும் மரங்களும்தான் இருந்தன. சிறு வீடுகள் கட்டினார்கள். ஒரு பகுதி நேரம் கைத்தொழில். மீதி நேரம் ஓவியமும் சிற்பமும். அந்த இடத்துக்குச் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள புகழ் பெற்ற கலைஞர் கிராமம். ஓவியக் கூடமும் திறந்தவெளி அரங்கும் அங்கே இருக்கின்றன. வெளியூர் மக்களும் போய்ப் பார்க்கிறார்கள். பணிக்கர் 1977இல் இறந்தார். கிராமம் தொடர்கிறது.

மூன்று கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். மதுசூதனிடம் திறமை இருந்தது. சோற்றுக்கு வழியும் துணையும் குறைவாக இருந்தன. வாஜித் அலி ஷாவிடம் பணமும் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் எல்லாம் அவர் ஒருவரையே நம்பி இருந்தன. சோழமண்டலத்துக் கலைஞர்கள் முதலில் சோற்றுக்கு வழி செய்தார்கள். துணையோடு போனார்கள். எல்லோருக்கும் பொதுவாக இடத்தை வைத்தார்கள்.

கலைக்கும் நல்ல காற்றுக்கும் ஆசைப்பட்டு ஊர் மாறலாம். அது தவறான ஆசை இல்லை. ஆனால் சோறு, துணை, பொது இடம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு மாற வேண்டும்.

கேட்டு அறிய வேண்டியவை

புதிய ஊருக்குக் குடிபோகும் முன் கீழே உள்ள கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

1. நமக்குத் தெரிந்த தொழிலுக்கு அங்கே வேலை உண்டா? முதல் மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா?

2. அவசரத்துக்கு உதவ அங்கே தெரிந்தவர் யார்? நம் மொழி பேசும் சங்கம் உண்டா?

3. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பூங்கா, ஏரிக்கரை, ஆற்றங்கரை, விளையாட்டு மைதானம் ஏதாவது உண்டா? பெண்களும் வயதானவர்களும் மாலையில் அங்கே பயமில்லாமல் போய்வர முடியுமா?

4. பொது நூலகம் எங்கே? எத்தனை மணிக்குத் திறக்கும்?

5. கட்டணம் இல்லாமல் பார்க்கக் கூடிய கச்சேரி, கூத்து, கண்காட்சி எந்த மாதங்களில் நடக்கும்?

6. பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்? பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆனால் கவலை வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அந்தக் காரணத்துக்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

7. மழை, வெள்ளம், வெயில் எப்படி? முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். நல்ல நாளில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

எல்லா விடைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து படியுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஊர் மாறினால் அவர்களுடைய நட்பும் பழக்கமும்தானே முதலில் அறுபடும்?

ஊர் மாறும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இந்தக் கேள்விகள் பயன்படும். நம் ஊரில் நூலகம் இல்லையா? விளையாட இடம் இல்லையா? கிராம சபையில் கேட்கலாம். மனு எழுதலாம். நல்ல ஊரைத் தேடிப் போவது ஒரு வழி. இருக்கிற ஊரை நல்ல ஊராக ஆக்குவது இன்னொரு வழி.

சொல்லும் பொருளும்

காவியம் – ஒரு பெரிய கதையைச் சொல்லும் நீண்ட கவிதை நூல்
கதக் – வட இந்திய ஆட்டக்கலை
தும்ரி – வட இந்திய இசையில் ஒரு பாட்டு வகை
அகழி – பாதுகாப்புக்காகச் சுற்றித் தோண்டிய பள்ளம்
இமாம்பாரா – ஷியா முஸ்லிம்கள் துக்க நாட்களில் கூடும் இடம்

கலந்து பேசுங்கள்

1. மதுசூதன் சென்னையில் எதைப் பெற்றார்? எதை இழந்தார்?
2. அரசரின் விலங்குத் தோட்டம் ஏன் அழிந்தது? அலிப்பூர்க் காட்சிசாலை ஏன் நிலைத்தது?
3. சோழமண்டலத்துக் கலைஞர்கள் நிலம் வாங்கும் முன் என்ன செய்தார்கள்?
4. உங்கள் ஊரில் எல்லோரும் போகக் கூடிய பொது இடங்கள் எவை? அவற்றை யார் பராமரிக்கிறார்கள்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் உறவினர் ஒருவர் உங்கள் ஊருக்குக் குடிவர நினைக்கிறார். ஊரில் உள்ள இரண்டு நல்லவற்றையும் இரண்டு குறைகளையும் சொல்லி அவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.